தொண்ணூற்றெட்டுக் கிலோவும் ஐந்து நொடியும்

சனிக்கிழமை காலை ஐந்து பத்துக்கு விருத்தாசலத்தில் சேலம் பேருந்தில் ஏறினேன். கட்டணம் நூற்றுப் பத்து ரூபாய். தூரம் ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர். பயணத்தின் நோக்கம், என் உடம்பு.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. உயரம் ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு. எடை தொண்ணூற்றெட்டுக் கிலோ. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நாற்காலியில் உட்காருகிற உத்தியோகம். அதை இருபத்தெட்டு ஆண்டுகளாகக் குறைவில்லாமல் செய்ததில் சேர்ந்த ஒரே அசையாச் சொத்து இந்த உடம்புதான். பத்துக் கிலோ குறைக்கும்படி டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. மூன்றாவது தோசை தட்டில் விழுந்ததும் என் மனைவி அடுப்பை அணைத்துவிடுவாள். இப்படி நாலாபுறமும் பழி சுமந்த உடம்பை, போன வாரம் ஒருத்தி போன் போட்டுக் கேட்டாள்.

"மாமா, நீங்க இப்ப எத்தன கிலோங்க?"

என் அக்கா மகள் நித்யா. ராசிபுரத்தில் வளர்ந்தவள். நாமக்கல் போகிற வழியில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கிறாள்.

"எதுக்கு? உங்கம்மா கேக்கச் சொன்னாளா?"

"இல்லீங்க மாமா. நெசத்தச் சொல்லுங்க. கொறச்சுச் சொல்லாதீங்க."

சொன்னேன். மறுமுனையில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கைதட்டும் சத்தம் கேட்டது. என் எடைக்குக் கைதட்டல் கிடைத்தது பிறந்த அன்றைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். நித்யாவும் அவள் கூட்டாளிகளும் சேர்ந்து, காட்டிலும் மேட்டிலும் ஓடுகிற ஒற்றை இருக்கை வண்டி ஒன்றைச் சொந்தமாக வரைந்து சொந்தமாகக் கட்டியிருக்கிறார்கள். கல்லூரிகளுக்கிடையே போட்டி. அதன் விதிப்புத்தகம் ஒரு நிபந்தனை போடுகிறது: ஓட்டப்போகிறவர் எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் சரி, உயரமும் பருமனும் உள்ள ஓர் ஆள் அதில் உட்கார முடிய வேண்டும். வார் போட்டு உட்கார்ந்த அந்த ஆள், 'தீ' என்றதும் ஐந்தே நொடியில் இறங்கித் தரையில் நிற்க வேண்டும். அதைப் படம்பிடித்துச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். அனுப்பாத அணி வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.

போன வருடம் அணியில் அறுபது கிலோவைத் தாண்டியவர் யாருமில்லை. ஓர் ஒல்லிப் பையன் உடம்பில் இரண்டு தலையணைகளைக் கட்டி, மேலே அங்கி மாட்டி ஒப்பேற்றியிருக்கிறார்கள். அவன் குதித்து இறங்கிய வேகத்தில் ஒரு தலையணை மட்டும் வண்டியிலேயே தங்கிவிட்டது. நடுவர்கள் அதையும் பார்த்துவிட்டார்கள். நித்யா இந்த வருடம் அணித்தலைவி. அவளுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

7.50. வாழப்பாடி. சாலையோரம் பாக்கு மரங்கள் ஒல்லியாக, உயரமாக, குறை சொல்ல முடியாத உடல்வாகோடு நின்றன. ஒரு பெரியவர் பையோடு ஏறி, மூவர் இருக்கையில் என் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் நகந்து ஒக்காருப்பா."

"நகந்துதாங்க ஒக்காந்திருக்கேன்."

அவர் பாதி இருக்கையிலும் பாதி நம்பிக்கையிலும் உட்கார்ந்தார். "எங்க, சேலமா?"

"அதத் தாண்டி. ஒரு காலேஜுக்கு என் உடம்பக் குடுக்கப் போறேன்."

"உசுரோடயா?"

அயோத்தியாப்பட்டணம் வரை அவர் என்னிடம் பேசவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்து, "எதுக்கும் வீட்டுல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போப்பா" என்றார்.

9.00. சேலம் புதிய பேருந்து நிலையம். தட்டுவடை செட் கண்ணில் பட்டது. அணியின் நலனுக்காக என் எடையைக் காப்பாற்றும் பொறுப்பு இருந்ததால் இரண்டு சாப்பிட்டேன், அறுபது ரூபாய். நாமக்கல் பேருந்தில் ஏறி, ஆண்டகளூர்கேட்டில் இறங்கும்போது மணி பத்தேகால். நித்யா ஸ்கூட்டரோடு நின்றாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து, முகத்தைக்கூடப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்தாள்.

"கொறையவே இல்லீங்களே மாமா! சூப்பருங்க!"

கல்லூரிப் பட்டறையில் நுழைந்ததும் ஒரு குரல் கேட்டது: "டேய், மாமாவ அக்கட்டாலத் தள்ளி வையி, வழிய மறைக்குது." திடுக்கிட்டு ஒதுங்கினேன். அவர்கள் சொன்னது என்னையல்ல. சுவரோரம் பிளைவுட்டில் வெட்டிய ஓர் ஆள் சாய்ந்திருந்தான். தோள், இடுப்பு, முழங்கால் எல்லாம் திருகாணியில் மடங்கின. அக்கா வீட்டுக் கல்யாணப் போட்டோவில் என்னைக் கதவோடு ஒப்பிட்டு அளவெடுத்து ஆறு மாதத்துக்கு முன் செய்ததாம். பெயர் மாமா. எனக்கு முன்னாலேயே நான் அங்கே வந்து வேலை பார்த்திருக்கிறேன், சம்பளமில்லாமல்.

"நாங்க இஞ்சின்ல ஆரம்பிக்கலீங்க மாமா" என்றாள் நித்யா. "மொதல்ல உங்க இடுப்பு எங்க வரும்னு ஒரு புள்ளி வச்சோம். அங்கிருந்து கண்ணு, கை, காலு. அப்புறம் உங்களச் சுத்திப் பைப்பு. தலைக்கு மேல ஆறு அங்குலம் சும்மா கெடக்கணும். இஞ்சினு, சக்கரமெல்லாம் மிச்சமிருந்த எடத்துலதான்."

இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறேன். ஒரு கார் யாரோ ஒரு மனிதனின் இடுப்பிலிருந்து தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. யோசித்துப் பார்த்தால் நம் சிற்பிகளும் அப்படித்தான். முகத்தின் நீளத்தை வைத்துத்தான் மற்ற அளவெல்லாம். தொந்தியுள்ள பிள்ளையாரை மூஞ்சூறு மேல் உட்கார வைத்தவரை இந்தப் பிள்ளைகள் தங்கள் துறையின் முன்னோடி என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். எடை குறைந்த வண்டி, எடை குறையாத பயணி.

சுவரில் ஒரு பலகை. எந்தப் பாகம் எத்தனை கிராம், யார் எவ்வளவு குறைத்தது என்று பெயரோடு எழுதியிருந்தது. பிரேக் மிதியில் ஓட்டைகள் போட்டு நாற்பது கிராம் குறைத்த பவித்ரா என்ற இரண்டாமாண்டு மாணவி, அணியில் ஒரு வீராங்கனை போல நடந்துவந்தாள். அந்தப் பலகைக்கு முன்னால் நிற்கும்போது சட்டைப்பையில் இருந்த பேனாவுக்கே எனக்குக் கூச்சமாக இருந்தது.

11.00. வண்டிக்கு மஞ்சள் பெயின்ட். குழாய்களால் ஆன கூண்டு, நான்கு பெரிய சக்கரம், பின்னால் ஒரு சின்ன இஞ்சின். முதலில் ஆரோக்கியராஜ் காட்டினான். அணியின் ஓட்டுநர், அம்மாபேட்டைப் பையன், நாற்பத்தொன்பது கிலோ, போன வருடத் தலையணை நாயகன். 'தீ' என்றதும் மீனாட்டம் நழுவி வெளியே நின்றான். இரண்டு நொடி.

அடுத்து நான். உட்காருவது என் தொழில் என்பதால் அது சுலபமாக முடிந்தது. தலைக்கு மேல் ஆறு அங்குலம் சரியாக இருந்தது. வார் போட்டார்கள். பவித்ரா கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு "தீ!" என்றாள்.

வாரைக் கழற்றினேன். ஒரு காலை வெளியே வைத்தேன். தலையும் ஒரு தோளும் அதைத் தொடர்ந்தன. வயிறு மட்டும் சிந்தித்தது. பக்கத்தில் குறுக்காக ஒரு குழாய். அதற்கு அந்தப் பக்கம் நான் பாதி, இந்தப் பக்கம் பாதி. மூன்று பேர் இழுத்து, ஒருவன் தள்ளி, சட்டைப் பொத்தான் ஒன்று பறந்து, ஒருவழியாக நான் தரையில் நின்றேன்.

"இருபத்தி மூணு நொடிங்க அக்கா" என்றாள் பவித்ரா, துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

நித்யா பிளைவுட் மாமாவைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்தாள். டிராயிங்கை விரித்தாள். விரல் ஒரு குழாயின் மேல் நின்றது.

"இந்தப் பைப்ப யாரு போட்டது?"

"நீ மாத்தியிருப்பேனு நெனச்சேன்" என்றான் ஆரோக்கியராஜ்.

"நானு, நீ ஓட்ட வசதியா கேட்டு வாங்கியிருப்பேனு நெனச்சேன்."

"நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சதுனு நான் நெனச்சேங்க அக்கா" என்றாள் பவித்ரா.

கூண்டு வியாழக்கிழமைதான் நாமக்கல் லாரி பாடி பட்டறையிலிருந்து வெல்டிங்கும் பெயின்ட்டும் முடிந்து வந்திருக்கிறது. ஒவ்வொருவரும் அந்தக் குழாயைப் பார்த்திருக்கிறார்கள். இன்னொருவருக்குத் தெரியும் என்று நம்பியிருக்கிறார்கள். எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாக முறையும் இதுவே என்பதால் எனக்கு உடனே புரிந்தது.

கல்லூரியிலேயே அறுத்துவிடலாமே என்றேன். "அறுத்துரலாமுங்க. பக்கத்துப் பைப்புல ஒரு கீறல் விழுந்தா மொத்தக் கூண்டும் வீணுங்க மாமா. போட்டவரே எடுத்தாத்தான் சுத்தமா வரும்" என்றாள் நித்யா. கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏத்துங்கடா வண்டிய!" என்றாள்.

12.30. சின்ன லோடு வண்டி ஒன்றில், நாமக்கல்லை நோக்கி. இருபத்திரண்டு கிலோமீட்டர், வாடகை தொள்ளாயிரம் ரூபாய். முன் இருக்கையில் டிரைவரோடு நான். அவர் கண்ணாடியில் பின்னால் இருந்த மஞ்சள் கூண்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க, அது கோழிக் கூண்டுங்களா?"

"காருங்க."

"கதவு?"

"இல்ல."

"கண்ணாடி?"

"அதுவும் இல்ல."

"அப்ப மழை வந்தா?"

"நனையணும்."

சிறிது தூரம் யோசித்தார். "படிச்சவங்க செஞ்சதுங்களா?"

"இன்னும் படிச்சிட்டிருக்கவங்க."

"அப்பச் சரிங்க. முடிக்கறப்போ கதவு போட்டுருவாங்க."

1.15. பட்டறை. வெறும் சட்டத்தோடு தலை மட்டும் உள்ள லாரிகள் வரிசையாக உடம்புக்குக் காத்திருந்தன. மேஸ்திரி பொன்னுசாமி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். காக்கி அங்கி, மீசை, அதற்குக் கீழே எனக்கு மிகவும் பரிச்சயமான ஒரு வடிவம்.

"வாங்க சாமி, வாங்க. இவிய ஒறம்பரைங்களா?"

"எங்க மாமாங்க அண்ணா. விருத்தாசலத்துல இருந்து வந்திருக்காருங்க. இந்தப் பைப்பு டிராயிங்ல இல்லீங்களே அண்ணா?"

"இல்லீங்க கண்ணு" என்றார் கொஞ்சமும் தயங்காமல். "அது நம்ம பட்டறை வழக்கமுங்க. எந்த வண்டி போனாலும், சொன்னதுக்கு மேல ஒரு பைப்பு நம்ம கணக்குல சேத்திப் போட்டு அனுப்புவோம். காசு வாங்க மாட்டோம். ஓனரு கேக்க மாட்டாருங்க, லோடு கேக்குமுங்க."

"இதுல லோடே நான்தாங்க அண்ணா" என்றான் ஆரோக்கியராஜ்.

"அதானுங் சாமி! உன்னயப் பாத்த வெசனத்துலதான் போட்டேன். வண்டி உருண்டா நீ என்னாவறது?"

"எடுக்கோணுங்க அண்ணா. ஆறு மணிக்குள்ள படம் அனுப்போணும்" என்றாள் நித்யா.

"அது மட்டும் கேக்காதீங்க கண்ணு. வேற எது வேணாலும் செய்யறேன். போட்ட பைப்ப எடுத்து இந்தப் பட்டறையில இருந்து ஒரு வண்டியும் போனதில்லீங்க."

அவர் பேச்சில் பிடிவாதத்தைவிடப் பயம் அதிகம் இருந்தது. லாரி கட்டுகிறவர்களுக்கு வண்டி என்றால் ஒரே ஓர் ஆபத்துதான்: பாரம் தாங்காமல் முறிவது. உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாமல் போவது அவர்கள் கணக்கில் இல்லை. லாரிக்குக் கதவு உண்டு.

நித்யா வாதாடவில்லை. விதிப்புத்தகத்தையும் எடுக்கவில்லை. "அண்ணா, நீங்க ஒருதடவ உள்ள உக்காந்து எறங்குங்க. அஞ்சு நொடில எறங்கிட்டீங்கன்னா பைப்பு இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

பொன்னுசாமி மீசையைத் தடவிக்கொண்டு ஏறினார். வார் போட்டார்கள். "தீ!" என்றாள் பவித்ரா. ஒரு கால் வந்தது, தலை வந்தது, ஒரு தோள் வந்தது. அதன் பிறகு நடந்ததை நான் கண்ணாடியில் பார்ப்பது போலப் பார்த்தேன். பத்து நொடியானதும் பவித்ரா மரியாதைக்காகக் கடிகாரத்தை நிறுத்திவிட்டாள். பட்டறை ஆட்கள் எல்லா லாரிகளுக்கு அடியிலிருந்தும் வெளியே வந்தார்கள்.

"கிரேனுக்குச் சொல்லுங்கப்பா! மேஸ்திரி லோடாயிட்டாரு!"

"டேய், மொதல்ல தார்ப்பாயப் போட்டுக் கட்டுங்கடா!"

அவரும் சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க வண்டி நான்கு சக்கரத்திலும் குதித்தது. பிள்ளைகள் போட்ட சுருள் கம்பிகள் நன்றாக வேலை செய்தன. பிறகு சிரிப்பு நின்றது. உள்ளிருந்தபடியே கேட்டார்:

"ஏங் கண்ணு, தீப் புடிச்சா நெசமாலுமே அஞ்சு நொடிதானுங்களா?"

"அவ்வளவுதாங்க அண்ணா."

அந்தக் குழாயை ஒருதடவை தட்டிக்கொடுத்தார். "கட்டிங் மிஷின எடுத்தாங்கடா" என்றார். மிஷின் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து மேஸ்திரியையும் எடுத்தார்கள்.

நூற்று எழுபது கிலோமீட்டர் கடந்து நான் கொண்டுவந்த உடம்பு, அதே அளவில், அதே தரத்தில் இருபத்திரண்டு கிலோமீட்டரிலேயே கிடைத்திருக்கிறது என்ற உண்மை அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இவரையே வச்சுப் படம் எடுக்கலாமே" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். என் பெயர், உயரம், எடை எல்லாம் விண்ணப்பத்தில் ஏற்கெனவே போய்விட்டதாம். இனி ஆளை மாற்ற முடியாது. வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு மாற்று இல்லை.

3.30. குழாய் போய்விட்டது. பொன்னுசாமி அது இருந்த தடமே தெரியாமல் தேய்த்து, மஞ்சள் பூசி, ஒரு குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோல அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நான் ஏறினேன். ஏழு நொடி. மறுபடி. ஆறேகால். மறுபடி. ஐந்தே முக்கால். உடம்பில் எங்கெங்கோ இருந்த தசைகள் இத்தனை வருடம் கழித்துத் தங்கள் முகவரியைத் தெரிவித்தன.

"மாமா, இடது கையி மேல் பைப்புல. பொறவு சன்னல்ல உக்கார்றாப்புல பக்கப் பைப்பு மேல உக்காருங்க. அப்புறம் உருளுங்க" என்று கற்றுக்கொடுத்தான் ஆரோக்கியராஜ். "நெனைக்காதீங்க. நெனைச்சா லேட்டாவுது."

சிந்திக்காமல் இரு என்று யாரும் எனக்கு இதுவரை அறிவுரை சொன்னதில்லை. தேவைப்படாது என்று விட்டிருப்பார்கள்.

4.40. ஐந்து நொடி, அதற்கு மேல் ஒரு துளி. பேன்ட் பையில் பர்ஸ், சாவிக்கொத்து, மாத்திரை டப்பா, மூக்குக்கண்ணாடிக் கூடு இருப்பதைக் கண்டுபிடித்து, எடை குறைத்த வீராங்கனை என் பைகளைக் காலிசெய்தாள். சட்டை எங்கோ மாட்டுகிறது என்றார் பொன்னுசாமி. உள்ளே போய், துவைத்து மடித்த தன்னுடைய இன்னொரு காக்கி அங்கியைக் கொண்டுவந்தார். போட்டேன். தையற்காரர் எனக்கென்றே அளவெடுத்தது மாதிரி இருந்தது. எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிளைவுட் மாமாவைக் கொண்டுவராமல் போனோமே என்று வருந்தினார்கள்.

5.05. பட்டறைக்கு டீ வந்தது. கூடவே தூக்கில் முட்டை போண்டா, ஒன்று பதினைந்து ரூபாய். கை தன்னாலே நீண்டது. நித்யா தட்டை எடுத்துக்கொண்டாள்.

"எறங்கிட்டுச் சாப்புடலாமுங்க மாமா."

தட்டோடு போய், கேமராவில் விழாத இடமாகப் பார்த்து, வண்டியிலிருந்து நான்கடி தள்ளி நின்றாள். அவள் என் கண்ணைப் பார்க்காமல் பவித்ராவின் கடிகாரத்தையே பார்த்தாள். ஒரு வருட வேலை, இருபது பேர், நாற்பது நாற்பது கிராமாகக் குறைத்தது எல்லாம் என் வயிற்றுக்கும் பக்கக் குழாய்க்கும் நடுவே நின்றது. நான் போண்டாவைப் பார்த்தேன்.

"தீ!"

எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாக நினைக்கவில்லை. தரையில் கால் பட்டதும் கை போண்டாவில் பட்டது.

"நாலு புள்ளி ஆறு! அக்கா, நாலு புள்ளி ஆறு!"

பட்டறையில் நின்ற அத்தனை லாரியிலும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள். பொன்னுசாமி என்னைக் கட்டிப்பிடித்தார். இருவர் கையும் முழுதாகச் சுற்றிவரவில்லை. நித்யா தட்டைக் கீழே வைத்துவிட்டு, அழுதுகொண்டே ஒரு போண்டாவைத் தின்றாள். படம் 5.25-க்குப் போய்ச் சேர்ந்தது. அதை நானும் பார்த்தேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர், கண்ணில் அசாத்திய உறுதியோடு, உயிர் காக்கப் பாய்கிறார். நடுவர்களுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

புறப்படும்போது பொன்னுசாமி வெட்டிய குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எந்த வண்டியும் அது இல்லாமல் போனதில்லை அல்லவா. நித்யா யோசித்தாள்.

"அண்ணா, போட்டி எடத்துல வண்டிய ஒரு தள்ளுவண்டில வச்சுத்தான் கொண்டுபோவோணும். அதுக்குக் கைப்புடி இல்லீங்க."

கண்ணாடி நெற்றியிலிருந்து கீழே இறங்கியது. "எத்தன அடி கண்ணு?" என்று கேட்டபோது அவர் குரலுக்கு வயது பத்துக் குறைந்திருந்தது.

ஞாயிறு காலை சேலத்தில் விருத்தாசலம் வண்டி ஏறினேன். அதே மூவர் இருக்கை. போகும்போது என்னைத்தான் நொந்துகொண்டேன். வரும்போது, இந்த இருக்கையை வரைந்தவர் யாருடைய இடுப்பிலிருந்து ஆரம்பித்தார் என்று யோசித்தேன். நிச்சயம் யாரோ ஒரு பிளைவுட் மனிதன் இருந்திருப்பான், ஒல்லியாக, பாக்கு மரம் போல. என்னைக் கணக்கில் எடுத்துக்கொண்டு செய்த ஒரே வாகனம் நாமக்கல் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் நிற்கிறது. அதற்குக் கதவு கிடையாது.

புதன்கிழமை காலை வீட்டில் மூன்றாவது தோசை தட்டில் விழுந்தபோது நித்யாவின் செய்தி வந்தது. சத்தமாகப் படித்தேன்: "பாஸ் ஆயிட்டோம் மாமா!!! அடுத்த மாசம் நேர்ல சோதனை. படத்துல இருந்த அதே ஆள் வரணுமாம். எடை ரெண்டு கிலோவுக்கு மேல மாறக் கூடாதாம். தயவுசெஞ்சு கொறஞ்சுராதீங்க!"

போனை மனைவியிடம் நீட்டினேன். டாக்டருக்கும் மேலான ஓர் அதிகாரம் பேசிவிட்ட நிம்மதியில் தட்டையும் நீட்டினேன். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"மாறக் கூடாதுன்னா ரெண்டு பக்கமும்தானே?" என்று சொல்லி அடுப்பை அணைத்தாள்.